கேன்காரம்மாவின் முதுகு

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை. ஒன்றை எழுதும்போது இன்னொன்று மறந்துவிடும். மறந்தது திரும்ப வரும்போது, அதை எந்த இடத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் முழிப்பேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பேசியும் பழக்கமில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மாவைப் பற்றி யாராவது எழுதி வைக்கணும் என்று என் மருமகள் ரொம்ப நாளாகச் சொல்கிறாள். அவளுக்கு நேரமில்லை, எனக்கு இருக்கிறது. அவ்வளவுதான்.

அந்த அம்மாவின் பெயர் எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அவர் கேன்காரம்மா. மருமகளின் போனிலும் அப்படித்தான் பதிந்திருக்கிறது. இத்தனை பழகியும் பெயர் கேட்காமல் விட்டது எப்படி என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. அவர்தான் எல்லாவற்றையும் கேட்டார். எங்களுக்குக் கேட்க இடமே வைக்கவில்லை.

முதலில் பார்த்தது மொரப்பூரிலிருந்து தருமபுரி போகிற பஸ்ஸில். நானும் மருமகளும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவள் கல்யாணமாகி வந்த புதிது. கன்னம் இரண்டிலும் மூக்குத் தண்டின் மேலும் சிவப்பாகப் படர்ந்திருந்தது. முதலில் வெயில் என்றோம். பிறகு அம்மை என்று நினைத்து வாசலில் வேப்பிலை செருகி, அவளைத் தனியாகப் படுக்க வைத்தோம். அம்மையாக இருந்தால் இறங்கியிருக்கும். இது இறங்கவில்லை. விரல் கணுவெல்லாம் வலி, சீப்பில் கொத்துக்கொத்தாக முடி. கடைசியில் டாக்டர் லூபஸ் என்று ஒரு பேர் சொன்னார். சிலருக்கு அது கிட்னியையும் தொடும், அதனால் ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை ஒரு கேனில் பிடித்து எடுத்து வாருங்கள் என்றும் சொன்னார்.

அந்தக் கேனைத்தான் அன்று எடுத்துப் போனோம். எண்ணெய் வாங்கிய ஐந்து லிட்டர் கேன். மருமகள் அதைத் துண்டில் சுற்றி, கட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு சேலையைப் போட்டு மூடி, காலுக்கடியில் தள்ளியிருந்தாள். எங்களுக்கு முன் சீட்டில் ஒரு அம்மா. சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, முழுக்கை. பஸ்ஸுக்குள்ளேயும் முந்தானையால் முக்காடு. மடியில் அதே மாதிரி ஒரு கேன், துணி எதுவும் சுற்றாமல் எல்லாரும் பார்க்க இருந்தது.

கண்டக்டர் வந்தார். "என்னாம்மா அது கேன்ல? மண்ணெண்ணெயா? அதெல்லாம் பஸ்ஸுல ஏத்தக் கூடாது."

"மண்ணெண்ணெய் இல்லீங்க. மூத்திரம்."

"என்னா?"

"மூத்திரங்க! நேத்து காலைலருந்து இன்னிக்குக் காலை வரைக்கும் புடிச்சது. டெஸ்ட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். தெறந்து காட்டட்டுங்களா?"

கண்டக்டர் ஒரு அடி பின்னால் போனார். அப்புறம் பின் சீட்டில் யாரோ சிரிக்க, மொத்த பஸ்ஸும் சிரித்தது. "தாயே, மூடி கெட்டியா இருக்குதான்னு மட்டும் பாத்துக்க" என்று சொல்லிக் கண்டக்டர் நகர்ந்துவிட்டார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. திரும்பி எங்கள் பையைப் பார்த்தார். மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"உங்க பையிலயும் அதானேக்கா? துண்டு சுத்தி வச்சா ஒழுகறது தெரியாது. எடுத்து மடியில வையி கண்ணு. திருடியா எடுத்துட்டு வரே?"

எனக்கு உயிரே போய்விட்டது. மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரும் வரை நாங்கள் இருவரும் அந்த அம்மாவைப் பார்க்கவே இல்லை. ஆனால் இறங்கும்போது பையின் அடி நனைந்திருந்தது உண்மை.

அவர் பாலக்கோட்டுக்காரர். தக்காளி மண்டியில் பழம் பிரிக்கிற வேலையில் இருந்தவர். ஏலச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டை, ஆஸ்பத்திரிக் கூடத்திலும் அடங்காது. அதே வியாதி வந்த பிறகு வெயில் ஆகாது என்று மண்டியை விட்டுவிட்டு, மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில் வந்து இருந்தார். அது எங்களுக்குப் பக்கத்து ஊர். மாதா மாதம் ஒரே நாளில்தான் எங்களுக்கும் அவருக்கும் டாக்டரைப் பார்க்கிற முறை. தப்பிக்க வழியில்லை.

வீட்டில் அவர்கள் கன்னடம் பேசுகிறவர்கள். கோபம் வந்தால் மட்டும் அவருக்கு அந்தப் பேச்சு வரும். அடிக்கடி வந்தது ஒரே வார்த்தைதான், 'நாச்சிகெ'. வெட்கம் என்று அர்த்தமாம். "என்னாத்துக்கு நாச்சிகெ?" என்பார். டாக்டரிடம் ஒருவர் குசுகுசுவென்று பேசினால், "என்னாத்துக்கு நாச்சிகெ? சத்தமா சொல்லு, அவங்களுக்குக் கேக்கட்டும்" என்பார். ஒரு தடவை என் மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "மருமவளுக்கு மாசாமாசம் சரியா வருதாக்கா?" என்று கேட்டார். மகன் டீ வாங்கப் போவதாகச் சொல்லி எழுந்து போனவன், டாக்டர் கூப்பிடுகிற வரை திரும்பி வரவில்லை.

அவரைக் கண்டால் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டரம்மா சொன்னது எனக்குப் புரிந்தது அவரால்தான்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர், பொறுமையாகப் பேசுவார். கிருமி வந்தால் அதை அடிக்க நம் ரத்தத்தில் ஆன்டிபாடி என்று ஒன்று ஊறும். இந்த வியாதியில் அது ஆள் தெரியாமல் நம் உடம்பையே எதிரி என்று நினைத்து ஊறிவிடுகிறது. நம் உடம்பின் ஒவ்வொரு அணுவுக்குள்ளேயும் நூல் மாதிரி ஒன்று இருக்கிறதாம். அந்த நூலையே எதிரியாக நினைக்கிற ஒரு வகை உண்டு. அந்த வகை ரத்தத்தில் ஏறினால் கிட்னியைக் கவனிக்க வேண்டும். கூடவே ரத்தத்தில் இருக்கிற இன்னொரு பொருள் செலவாகிக் குறையும். ஒன்று ஏற, இன்னொன்று இறங்க, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இப்படிச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். ஒன்றும் ஏறவில்லை.

வெளியே வந்ததும் கேன்காரம்மா கேட்டார். "என்னா சொன்னாங்க? புரிஞ்சுதா?"

"ம்" என்றேன்.

"புரியல. மூஞ்சியே சொல்லுது. பட்டியில ஆடு அடைச்சிருக்கீங்க. காவலுக்கு நாய் வச்சிருக்கீங்க. அந்த நாய்க்குக் கிறுக்குப் புடிச்சு, நரியை வுட்டுட்டு நம்ம ஆட்டையே கடிக்குது. அதான் இந்த வியாதி. டெஸ்ட்டுல நாய் எத்தனைன்னு எண்ணறாங்க. நாய் கூடுனா சட்டியில சோறு கொறையுமில்ல? அதான் அந்த இன்னொண்ணு. நாய் கூடிச்சு, சோறு கொறைஞ்சுச்சுன்னா பட்டிக்குப் போயி ஆட்டைப் பாக்கணும். ஆடுதான் கிட்னி."

"நாய் கூடுனா ஆடு செத்துடுங்களா?" என்று மருமகள் கேட்டாள். அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"எல்லா நாளும் சாவாது கண்ணு. நாய் கூடியும் ஆடு நல்லா இருக்கும் சிலருக்கு. நாய் கம்மியா இருந்தும் கடிபட்டிருக்கும். நானும் இதையேதான் டாக்டரம்மாகிட்ட கேட்டேன். அதனாலதான் கேனு. கடிபட்டிருந்தா மூத்திரத்துல தெரியும்."

அன்றிலிருந்து கூடத்துக்குள் நாங்கள் நுழைந்ததும் அந்தக் கோடியிலிருந்து குரல் வரும். "நாய் எத்தன? சோறு எவ்ளோ?" ஒரு நாள் புதிதாக வந்திருந்த பெரியவர் ஒருவர் காலைத் தூக்கி பெஞ்சு மேல் வைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குள்ள நாய வுடறாங்களே" என்று காவலாளியிடம் சண்டைக்கும் போனார்.

நாய் எத்தனை என்று கேட்ட பிறகு அடுத்த கேள்வி வரும். அதுதான் அவருடைய கேள்வி. தெரிந்தவர், தெரியாதவர், ஆண், பெண் பார்க்க மாட்டார். "மூத்திரம் நுரைக்குதா?"

ஒருநாள் நானே துணிந்து கேட்டுவிட்டேன். "ஏங்க, கொஞ்சம் மெதுவா கேட்டாத்தான் என்னாங்க?"

அவர் கேனின் மூடியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குக் காலு வீங்குச்சுக்கா. மண்டியில நின்னு நின்னு வீங்குதுன்னு சொல்லிட்டேன். மூத்திரம் நுரை நுரையா போச்சு. அதைப் போயி யாருகிட்ட சொல்றது? எம் புருசங்கிட்டகூட சொல்லல. சொன்னப்ப கிட்னி பாதி போயிடுச்சு. மிச்சம் பாதிய வச்சுத்தான் ஓட்டறேன்." மூடியை இன்னொரு சுற்று இறுக்கினார். பிறகு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்து, "ஏப்பா, உனக்கு நுரைக்குதா?" என்றார்.

மருமகளுக்கு மாத்திரையில் உடம்பு தேறியது. முகச் சிவப்பு போய்விட்டது. வலி இல்லை, முடி முளைத்தது. நாங்கள் வியாதியே போய்விட்டது என்று நினைத்தோம். அவளுக்குக் குழந்தை ஆசை. எனக்கும்தான். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்பதாகத்தான் அந்த மாதம் போனோம்.

காலையில் கொடுத்த ரத்தத்துக்கும் கேனுக்கும் மதியம் வந்த ரிப்போர்ட்டை டாக்டரம்மா பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆன்டிபாடி நல்லா ஏறியிருக்கு. அந்த இன்னொண்ணு குறைஞ்சிருக்கு. ஆனா யூரின்ல புரோட்டீன் கொஞ்சம்தான் காட்டுது. ஒண்ணுக்கொண்ணு பொருந்தல. ஒரு நாள் பூரா விடாம புடிச்சீங்களாம்மா?"

"புடிச்சேங்க" என்றாள் மருமகள்.

"அப்ப இன்னொரு தடவ புடிச்சுக் குடுங்க. மாத்திரையை நிறுத்தவே கூடாது."

வெளியே வந்தோம். "நாய் எத்தன?" என்றது குரல். "கூடிடுச்சுங்க" என்றேன். "சோறு?" "கொறைஞ்சிருக்குங்க." "ஆடு?" "ஆடு நல்லா இருக்குதாம்."

கேன்காரம்மா எழுந்து வந்தார். மருமகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். "கண்ணு, எல்லாத்தையும் கேன்ல புடிச்சியா?"

"ம்."

"பொய் சொல்லாத. நேத்து எங்க இருந்த?"

நான்தான் சொன்னேன். முந்தின நாள் அவள் அண்ணன் குழந்தைக்குக் காது குத்து. தாய்வீட்டுக்குப் போயிருந்தாள்.

"வூடு நெறைய சனம். இவ கேனத் தூக்கிட்டா சுத்தியிருப்பா?" என்றார் அவர்.

மருமகளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "காலைல புடிச்சேங்க. அப்புறம் மாமா, சித்தப்பா எல்லாரும் வந்துட்டாங்க. கேனை எங்கன்னு வைப்பேன்? பகல்ல போனதெல்லாம் சோளக்காட்டுலதாங்க. திரும்ப ராத்திரி வூட்டுக்கு வந்துதான் புடிச்சேன்."

"சோளக்காட்டுக்குப் போச்சா! அப்ப சோளத்துக்குத்தான் ரிப்போர்ட் வந்திருக்குது, உனக்கில்ல." உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "நுரைக்குதா கண்ணு?"

அவள் தலையை ஆட்டினாள். பத்துப் பதினைந்து நாளாக நுரைக்கிறதாம். தண்ணீர் ஊற்றினாலும் போகவில்லையாம். அவள் புருஷனிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

கேன்காரம்மா வரிசையை எல்லாம் பார்க்கவில்லை. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனார். உள்ளே அவர் பேசியது வெளியே கூடம் முழுக்கக் கேட்டது. "பாதி சோளக்காட்டுல வுட்டுட்டாங்கம்மா. நுரைக்குதாம். இத்தன நாளா நாச்சிகெப்பட்டுச் சொல்லல. திட்டாதீங்க, நான் திட்டிட்டேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. அங்கேயே ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் பார்த்தார்கள். நிறைய புரோட்டீன் இருந்தது. கிட்னி கடிபட்டிருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று பார்த்தால்தான் எந்த மருந்து கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும், முதுகு வழியாக மெல்லிய ஊசி விட்டுக் கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். தாமதித்தால் கிட்னியைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம். இப்போது பிடித்துவிட்டால் காப்பாற்றலாம், பிறகு குழந்தையும் பெறலாம். என் மகன் கையெழுத்துப் போட வேண்டும்.

மகன் அரூரில் ஒரு உரக்கடையில் வேலை செய்கிறான். வந்தான். அவன் வருவதற்குள் என் கொழுந்தனாரின் போன் அவனுக்கு வந்துவிட்டது. "ஏமாந்துடாதடா. துளின்னுதான் சொல்லுவானுங்க. மயக்கம் குடுத்துக் குப்புறப் போட்டா, முழிச்சுப் பாக்கறப்ப ஒரு பக்கம் காலி. எத்தன பேர் கதை கேட்டிருக்கோம்!" எங்கள் பக்கத்தில் கிட்னி என்றாலே அதைத் திருடி விற்கிற இந்தக் கதைதான். மகன் பேனாவைக் கையில் வாங்கவில்லை. "ஊருக்குப் போயி யோசிச்சு வர்றோங்க" என்றான். நர்ஸு சொல்லியும் கேட்கவில்லை. டாக்டரம்மா படம் போட்டுக் காட்டியும் கேட்கவில்லை. மருமகள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாய் வரவில்லை.

கேன்காரம்மா எழுந்தார். மேல்சட்டையின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"தம்பி, இங்க வா. எனக்கும் இதே ஊசிதான் போட்டாங்க. எங்க போட்டாங்கன்னு நீயே கண்டுபுடி." சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். முதுகைக் காட்டி நின்று, முந்தானையை விலக்கினார். ரவிக்கைக்குக் கீழே, இடுப்புக்கு மேலே. "எடது பக்கம். பாரு."

மகன் சுவரைப் பார்த்தான்.

"சுவத்துலயா குத்தினாங்க? இங்க பாருப்பா! உன் அம்மா மாதிரி நான்."

அவன் ஒரு கண்ணால் பார்த்தான். "ஒண்ணும் தெரியலீங்களே."

"நல்லா பாரு. அக்கா, நீங்களும் பாருங்க."

நானும் பார்த்தேன். பக்கத்து பெஞ்சில் கீரைக்கூடையோடு இருந்த ஒரு அம்மா எழுந்து வந்து, "இதாங்களா?" என்று விரல் வைத்தார்.

"அது மரு. பொறந்ததுலருந்து இருக்குது."

நாய்க்குப் பயந்து காலைத் தூக்கிய பெரியவரும் அன்று இருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். "இங்க ஒண்ணு செவப்பா இருக்குதும்மா."

"ராத்திரி கொசு கடிச்சுச்சு. வேற பாருங்க."

காவலாளி தள்ளி நின்றே எட்டிப் பார்த்தார். கூடமே அந்த முதுகில் ஓட்டை தேடியது. யாருக்கும் அகப்படவில்லை.

"அகப்படலையா?" என்றார் கேன்காரம்மா, திரும்பாமல். "நான் மண்டியில பழம் பிரிச்சவ. ஒரு தக்காளிய வெளிய எடுக்கணும்னா பையில எவ்ளோ பெரிய ஓட்டை வேணும்னு எனக்குத் தெரியும். கிட்னி நம்ம மூடுன கையளவு இருக்குதாம். யாருக்கும் தெரியாத ஓட்டை வழியா அதை எப்படிப்பா உருவுவாங்க? உன் சித்தப்பனுக்குப் போன் போட்டுக் குடு, நான் கேக்கறேன்."

முதலில் சிரித்தது என் மகன்தான். வியாதி என்று தெரிந்த நாளிலிருந்து அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான். கையெழுத்துப் போட்டான். கேன்காரம்மா முந்தானையைச் சரிசெய்து, என்னிடமிருந்து சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார். எல்லாரும் அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். "வந்த வேலையைப் பாருங்க" என்றார் அவர், ஏதோ நாங்கள்தான் கூட்டம் போட்ட மாதிரி.

ஊசி போட்டு, அன்று முழுக்க அசையாமல் மல்லாந்து கிடந்தாள் மருமகள். கடி ஆழம்தான், ஆனால் காப்பாற்றக் கூடிய கடி என்று வந்தது. வேறு மருந்து ஆரம்பித்தார்கள். முகம் பூசணிக்காய் போல உப்பியது, பிறகு வடிந்தது. நுரை குறைந்தது. நாய் இறங்கி, சோறு ஏறியது. ரொம்ப நாள் அடங்கியே இருக்கிறது என்று பார்த்த பிறகு, மாத்திரைகளை மாற்றிக் கொடுத்து, இனி பெற்றுக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. இப்போது என் பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். அவள் திரும்பி வருவதற்குள் இதை முடித்துவிட வேண்டும்.

வயிற்றுப் பிள்ளையோடு மருமகள் போயிருந்தபோது கேன்காரம்மா அவளைச் சுற்றி வந்து பார்த்தார். வாழ்த்துவார் என்று நின்றோம். "இப்பத்தான் இன்னும் நல்லா பாக்கணும். நுரைக்குதா?" என்றார். "இல்லீங்க!" என்று மருமகள் கத்தினாள். கூடமே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு வெட்கமே இல்லை. கேன்காரம்மாவுக்கு அன்று வந்த சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

பிறகு அவர் மகள் குடும்பம் ஓசூருக்குப் போக, அவரும் போய்விட்டார். வைத்தியமும் அங்கேதான் என்றார்கள். போன் நம்பர் மாறிவிட்டது. மிச்சம் பாதியை வைத்து அங்கே நன்றாக இருப்பார், யாராவது ஒரு கண்டக்டரிடம் கேனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

போன மாதம் கூடத்தில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் அதே சிவப்பு. பையில் துணி சுற்றி ஏதோ. நான் கேன்காரம்மாவின் கேள்வியை மெதுவாகத்தான் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு இன்னும் மெதுவாக, "ஆமாங்க ஆயா" என்றாள். கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போகிற தைரியம் எனக்கு வரவில்லை. மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கூட்டிப் போனாள்.

இதை யாராவது விவரம் தெரிந்தவர்கள் ஒருமுறை சரிபார்த்துக் கொடுங்கள். எது ஏறினால் எது இறங்கும் என்பதை மாற்றி எழுதியிருப்பேன். நாய், சோறு கணக்கு டாக்டர்கள் ஒத்துக்கொள்கிற கணக்கா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மாத்திரையை எப்போது மாற்றினார்கள் என்பது மருமகளுக்குத் தெரியும். ஓசூர் பக்கம் போகிறவர்கள் அந்த அம்மாவைக் கண்டால் பெயரையும் கேட்டு வாருங்கள். அவர் முதுகில் ஊசி அடையாளம் ஏதும் இல்லை என்பதை மட்டும் சரிபார்க்க வேண்டாம். நானும் கிட்டே போய்த் தேடினேன், அங்கே ஒன்றுமே இல்லை.